கட்டம் சார் படிக்காத கடிதம்

எங்க வீட்டுக்காரருக்கு ஊரே சேர்ந்து வெச்ச பேரு கட்டம் சார். பெத்தவங்க ஆசையா வெச்ச பேரு ஒண்ணு இருக்கு. அதைக் கடைசியா யார் கூப்பிட்டாங்கன்னு கேட்டா எனக்கே ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியிலயும் கட்டம் சார்தான், ஸ்கூல் ஆபீஸ்லயும் கட்டம் சார்தான். ஒரு தடவை போன்ல ஒருத்தர், "கட்டம் சார் வீடுங்களா?"ன்னு கேட்டாரு. "இல்லைங்க, இது வட்டம் சார் வீடு"ன்னு சொல்லி வெச்சுட்டேன். எனக்கு அவ்வளவு எரிச்சல்.

அந்தப் பேரு வந்த கதை இதுதான். இவர் வேலை பார்த்தது ஒரு சின்ன கம்பெனி. ஆஸ்பத்திரி, ஸ்கூல், பஸ் ஆபீஸ்னு எல்லாருக்கும் சாஃப்ட்வேர் பண்ணி விக்கிறவங்க. எல்லாமே தமிழ்ல வரும், அதுதான் அவங்க பெருமை. முதலாளி மைக்கைப் பிடிச்சா அதைத்தான் பேசுவாரு. ஆனா அந்தத் தமிழ் ஸ்கிரீன்லயும் பேப்பர்லயும் தெரியணும்னா, அதுக்குன்னு ஒரு ஃபான்ட் ஃபைல் அந்தந்த மிஷினுக்குள்ள இருக்கணும். இல்லைன்னா எழுத்து இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் சின்னச் சின்னக் கட்டம்தான் வரும். நோயாளி பேரு கட்டம், மருந்து பேரு கட்டம், டாக்டர் பேரும் கட்டம். உடனே போன் பறக்கும், "கட்டம் கட்டமா வருது, ஆளை அனுப்புங்க"ன்னு. போற ஆளு இவர். கடைசியில ஆளுக்கே அது பேராயிடுச்சு.

கழுத்துல ஷூ லேஸ்ல கோத்த ஒரு பென்டிரைவ் தொங்கும். அதுலதான் அந்த ஃபான்ட். குளிக்கும்போது மட்டும் கழட்டுவாரு. கட்டம் மட்டும் இல்லை, இன்னும் எத்தனையோ வியாதி உண்டு அந்த எழுத்துக்கு. கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு தனித்தனியா நிக்கும். மேல இருக்கிற சுழி பிரிண்ட்ல வெட்டுப்பட்டுப் போகும். ஸ்கிரீன்ல லட்சணமா இருக்கிறது பேப்பர்ல வந்து பல்லை இளிக்கும். இதையெல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பார்ப்பாரு.

சரியாயிடுச்சான்னு பார்க்க ஒரு வரி அடிச்சுப் பார்ப்பாரு. எந்த ஆபீஸ் போனாலும் அதே வரிதான். "கொடியில துணி காயுது, மழை வந்தா எடுங்க." தினமும் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவருக்குச் சொல்ற வார்த்தை அது. அதை ஊரெல்லாம் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்காருன்னு எனக்குப் பல வருஷம் தெரியாது. வீட்டுக்குக் கொண்டு வந்த பழைய தாள்ல பார்த்துட்டு, "என்னங்க இது மானக்கேடு?"ன்னு கேட்டேன். "கொம்பு இருக்கு, சுழி இருக்கு, ழை இருக்கு. இதைவிட நல்ல வரி எனக்கு யாரும் சொல்லலையேம்மா"ன்னாரு. சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை எனக்கு.

இவர்கிட்ட இன்னொரு வழக்கம் இருந்துச்சு. எழுத்தைப் பார்ப்பாரு, படிக்க மாட்டாரு. கேக்கறவங்களுக்குக் காதுல பூ சுத்துற மாதிரிதான் இருக்கும். ஆனா கூட வாழ்ந்தவ நான் சொல்றேன், நிஜம். ஒரு பக்கம் முழுக்கப் பார்த்து, எந்தப் புள்ளி எங்க தப்பா உக்காந்திருக்குன்னு சொல்லுவாரு. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டா முழிப்பாரு.

அது தானா வந்த வழக்கம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ரத்தம் டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல ரிப்போர்ட் கட்டமா வருதுன்னு போனாரு. சரி பண்ணி முதல் தாளை எடுத்துப் படிச்சிருக்காரு. எங்க மாடி வீட்டு எலக்ட்ரீஷியனோட ரிப்போர்ட் அது. நல்ல சேதி இல்லை. சாயங்காலம் படிக்கட்டுல அந்த மனுஷன் எப்பவும் போல, "என்ன சார், இன்னைக்கு எத்தனை கட்டம்?"னு கேலி பண்ணியிருக்காரு. இவரால சிரிக்க முடியலை. எலக்ட்ரீஷியன் இவர் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாராம். டாக்டர் சொல்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அந்த ஆளுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு, இவர் மூஞ்சியைப் பார்த்து. அன்னைக்கு நிறுத்தினவர்தான். "மத்தவங்க காகிதத்துல எனக்கு வேலை எழுத்தோட மட்டும்தான்"னு சொல்லுவாரு.

நல்ல கொள்கைதான், யார் இல்லைன்னா? அந்தக் கொள்கையை வெச்சுக்கிட்டு என்ன வாழ்ந்தோம்னு கேட்டாத்தான் எனக்கு வயிறு எரியுது.

பன்னெண்டு வருஷம் காண்ட்ராக்ட். வருஷா வருஷம் ஒரு கையெழுத்து, இன்னும் ஒரு வருஷம். பன்னெண்டு வருஷம் முடிச்சா நிரந்தரம் பண்ணணும்னு அவங்க கம்பெனி விதியே இருக்கு. நிரந்தரம் ஆனா குடும்பத்துக்கே மருத்துவ அட்டை. அந்த அட்டைக்கு என் வலது முட்டி காத்துக்கிட்டு இருந்துச்சு. நான் லாண்டரி கடையில துணி வாங்கிப் போடற கவுண்டர்ல நிக்கிறவ. காலையில நின்னா சாயங்காலம் வரைக்கும் நிக்கணும். முட்டி தேஞ்சு போச்சு, மாத்தணும்னு டாக்டர் சொல்லி மூணு வருஷம் ஆச்சு. படிக்கட்டு ஏறினா உள்ள மண்ணு அரைபடற மாதிரி ஒரு சத்தம் கேக்கும். "ஆர்டர் வரட்டும், ஆர்டர் வரட்டும்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். எங்க வீட்ல அந்த ஆர்டரைப் பத்திப் பேசாத நாளே கிடையாது.

பன்னெண்டாவது வருஷம் முடியப் போற நேரத்துல வந்து சேர்ந்தாரு முதலாளியோட மருமகன், மேனேஜரா. நல்ல சட்டை, நல்ல வாசனை, வாயைத் திறந்தா புதுசு புதுசுன்னு பேச்சு. சாஃப்ட்வேரை அடியோட மாத்தினாரு. மாத்தட்டும், வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா புதுசா மிஷின்ல ஏத்தற செட்டப் இருக்கில்ல, அதுல ஃபான்ட் ஃபைலைச் சேர்க்க விட்டுட்டாங்க. இவர் பார்த்துட்டுப் போய் சொன்னாரு.

"சார், ஃபான்ட்டைச் செட்டப்புக்குள்ள வைக்கணும். இல்லைன்னா போற இடமெல்லாம் கட்டம்தான் வரும்."

அதுக்கு மருமகப்பிள்ளை தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாராம். "எங்கங்க கட்டம்? என் மிஷின்ல நல்லாத்தானே வருது!"

வராம என்ன செய்யும்? அந்த லேப்டாப் வந்த முதல் நாளே அதுல ஃபான்ட்டைப் போட்டுக் கொடுத்தது இவர்தானே! அதைத்தான் இவரும் சொல்லியிருக்காரு, மெதுவா. நானா இருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன். கம்பெனியில இருந்த அத்தனை மிஷின்லயும் இவர் கையால போட்ட ஃபான்ட் இருந்துச்சு. அதனால அங்க உக்காந்துக்கிட்டு யார் பார்த்தாலும் நல்லாத்தான் தெரியும். சொன்னது காதுல ஏறலை. "பழைய ஆளுங்களுக்குப் புதுசைப் பார்த்தாலே பயம்"னு நாலு பேர் முன்னாடி சொல்லி அனுப்பியிருக்காரு.

அந்தப் புது சாஃப்ட்வேர் முதல்ல போகப் போறது எங்க ஊர்லயே பெரிய ஆஸ்பத்திரிக்கு. மருந்து கொடுக்கிற கவுண்டர்ல, எந்த மாத்திரை எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு சின்ன சீட்டு அடிச்சு ஒட்டுவாங்க. அதெல்லாம் இனிமே இதுலதான் அடிக்கணும். திங்கட்கிழமை காலையில ஆரம்பம். சனிக்கிழமை இவருக்குச் சோறு இறங்கலை.

"கட்டத்தைப் பார்த்து எவன் என்ன மாத்திரையை எப்ப முழுங்குவானோ"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

"உங்களுக்கு ஏன் தலைவலி? மருமகப்பிள்ளை பார்த்துப்பாரு"ன்னேன்.

"முழுங்கறது மருமகன் இல்லைம்மா."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிட்டாரு. தனியா போனா நாள் பத்தாது, கூட ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னதால நானும் போனேன். லீவு நாள், ஆஸ்பத்திரியில வெளி நோயாளி பக்கம் ஈ காக்கா இல்லை. வாட்ச்மேனுக்கு இவரை நல்லாத் தெரியும். நான் நொண்டறதைப் பார்த்துட்டு ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. புதுசா வாங்கிப் போட்ட நாப்பத்தாறு மிஷின். இவர் ஒவ்வொண்ணா பென்டிரைவைச் சொருகிப் போட்டுக்கிட்டே போக, நான் நாற்காலியில உருண்டுக்கிட்டே பின்னாடி போய் தாள்ல டிக் அடிச்சேன். எல்லா பிரிண்டர்லயும் என் கொடியும் துணியும் மழையும் வந்து விழுந்துச்சு. வாட்ச்மேன் ஒரு தாளை எடுத்துப் படிச்சுட்டு வானத்தை எட்டிப் பார்த்தாரு. நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். பல வருஷத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வெளியில போனது அன்னைக்குத்தான்.

முடிச்சதும் பையில இருந்து விசிட் ஷீட்டை எடுத்தாரு. எந்த இடத்துக்குப் போனாலும் அந்தத் தாள்ல எழுதி கம்பெனியில கொடுக்கணும். என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செஞ்சோம், தேதி, கையெழுத்து. பன்னெண்டு வருஷத்துல ஒரு ஷீட்கூட விட்டதில்லை இவர். பேனா மூடியைத் திறந்தாரு. அப்பதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏங்க, இதை எழுதாதீங்க."

"எழுதாம எப்படி?"

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதுவீங்க? செட்டப்ல ஃபான்ட் இல்லைன்னுதானே? மருமகனுக்கு மூக்கு உடைஞ்சு போகும். அடுத்த மாசம் உங்க ஆர்டருக்குச் சிபாரிசு எழுத வேண்டிய கை அது. வேலையைச் செஞ்சாச்சு, நாளைக்கு நல்லபடியா ஓடப் போகுது. அதோட விடுங்க. என் முட்டியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

இவர் என் முட்டியைப் பார்த்தாரு. அப்புறம் மூடியைப் போட்டுட்டாரு. நான் கெட்டிக்காரத்தனம் பண்ணிட்டதா நினைச்சுக்கிட்டு வீடு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தேன்.

திங்கட்கிழமை எல்லாம் பிரமாதமா ஓடுச்சு. கைதட்டல், போட்டோ, முதலாளி மருமகனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாராம். மருமகன் இவர் தோளைத் தட்டி, "பார்த்தீங்களா? ஒரு கட்டம்கூட வரலை. சும்மா எல்லாரையும் பயமுறுத்திட்டீங்களே"ன்னாரு. இவர் சிரிச்சுட்டு வந்துட்டாரு. எனக்குக் கொதிச்சுச்சு. ஆனா, சரி, ஆர்டர் வந்தாச் சரின்னு இருந்துட்டேன்.

மூணே வாரம். பிரசவ வார்டு பக்கத்துல ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு புது மருந்து கவுண்டர் திறந்தாங்க, அஞ்சு புது மிஷினோட. இவருக்கு யாரும் சொல்லலை. சீட்டெல்லாம் கட்டம். நர்ஸுங்க ஒவ்வொரு டப்பாவுலயும் கையால எழுதி ஒட்டியிருக்காங்க. பச்சை உடம்புக்காரங்க மத்தியானம் வரைக்கும் வரிசையில நின்னிருக்காங்க. ஆஸ்பத்திரிப் பெரியவர் முதலாளிக்குப் போன் போட்டுக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாரு. முதலாளி மருமகனைக் கேட்டாரு. மருமகன் ஆளை அனுப்பி மத்த மிஷினையெல்லாம் பார்த்தா, நாப்பத்தாறுலயும் ஃபான்ட் ஏறின தேதி ஒரே ஞாயிற்றுக்கிழமை. ஷீட்டைத் தேடினா, ஷீட் இல்லை.

விசாரணைன்னு இவரை உக்கார வெச்சுக் கேட்டிருக்காங்க. "நான்தான் போட்டேன். எழுதலை. தப்புதான்"னாராம். யார் சொல்லி எழுதாம விட்டீங்கன்னு கேட்டதுக்கு, "யாரும் சொல்லலை"ன்னுட்டாரு. செட்டப்ல ஏன் ஃபான்ட் இல்லைன்னு அந்த ரூம்ல ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேக்கணுமே! கேக்கலை. ஷீட்டு எங்க, ஷீட்டு எங்கன்னு அதையே பிடிச்சுக்கிட்டாங்க. கோளாறு ஒருத்தன் பண்ணினது, அதை மூடி மறைச்சவன்னு பேரு வாங்கினது இன்னொருத்தர்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், "என் பேரைச் சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னேன்.

"உன் பேரைச் சொல்லி? நீ என்ன கம்பெனி ஆளா?"

"ஆர்டர் என்னாகும்?"

"முதலாளி பார்த்துக்கலாம்னு சொல்லியிருக்காரு. பன்னெண்டு வருஷத்து ஆளு, ஒரு தப்புக்காகவா விட்டுடுவாங்க?"

அந்தப் பார்த்துக்கலாமைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு வாரம் ஓட்டினோம். மூணாவது வாரம் நிரந்தர ஆர்டர் கொடுக்க ஆரம்பிச்சாங்க. திங்கட்கிழமை டிரைவருக்கு வந்துச்சு. செவ்வாய்க்கிழமை வரவேற்புல உக்கார்ற அம்மாவுக்கு வந்துச்சு. வியாழக்கிழமை காலையில இவர் சட்டையை நானே தேய்ச்சுக் கொடுத்தேன்.

"இன்னைக்குக் கவர் கையில வந்தா, ஒரு தடவையாவது கண்ணைத் திறந்து படிங்க"ன்னேன்.

"உன் முட்டிக்கு வர்ற ஆர்டர்தானே? கவரோட கொண்டு வரேன், நீயே பிரி"ன்னு சொல்லிட்டு, வாசல்ல நின்னு, "கொடியில துணி காயுது, மழை வந்தா எடுக்கணும். சரிதானே?"ன்னு என்னை மாதிரியே இழுத்துச் சொல்லிட்டுப் போனாரு. அவ்வளவு குஷி.

இனிமே சொல்லப் போறது கம்பெனியில லெட்டர் எல்லாம் அடிச்சுக் கொடுக்கிற மேடம் ஒரு வாரம் கழிச்சு, தேய்க்கக் கொடுக்கிற சாக்குல என் கவுண்டருக்கு வந்து அழுதுக்கிட்டே சொன்னது.

லெட்டர் மேடத்துக்குப் புது மிஷின் கொடுத்திருக்காங்க. மத்தியானத்துக்குள்ள ஒரு லெட்டர் கொடுத்தாகணும். கம்பெனி லெட்டர் எல்லாம் அவங்க சாஃப்ட்வேர்லதான் அடிக்கணும், அதுவும் தமிழ்ல, முதலாளி உத்தரவு. அடிச்சதைப் பிரிண்ட் எடுத்தா முழுப் பக்கமும் கட்டம். ஓடிப் போய் மருமகன்கிட்ட, "என்ன சார் செய்ய?"ன்னு கேட்டிருக்காங்க. அவர் போன்ல இருந்து தலையைக்கூட நிமிர்த்தாம, "அவரையே கூப்பிடுங்க. இன்னும் நம்ம ஆளுதானே"ன்னாராம்.

இவர் வந்தாரு. "முக்கியமான லெட்டரா மேடம்?"

"ஆமா சார்."

"பயப்படாதீங்க, நான் படிக்க மாட்டேன்."

அந்த இடத்துலயே பூமி பிளந்து உள்ள போயிட மாட்டோமான்னு இருந்துச்சாம் அவங்களுக்கு. இவர் பென்டிரைவைச் சொருகி ஃபான்ட்டைப் போட்டாரு. கொடியையும் துணியையும் அடிச்சுப் பார்த்தாரு. சுழி மேல வெட்டுப்படுதுன்னு வரி இடைவெளியைக் கூட்டினாரு. கூட்டினதுல கடைசி ரெண்டு வரி அடுத்த பக்கத்துக்குத் தாண்டிடுச்சு. "முதலாளி கையெழுத்து தனிப் பக்கத்துல போய் நின்னா லட்சணமா இருக்காது மேடம்"னு சொல்லி, ஓரத்தைக் குறைச்சு, ஒரே பக்கத்துல அடக்கிக் கொடுத்தாரு. பிரிண்ட் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு மேல இருந்து பார்க்க ஆரம்பிச்சாரு. மேல முதல் வரியில இவர் பேரு. பேரு மட்டும் கண்ணுல பட்டிருக்கு.

"இது எனக்கா மேடம்?"

"ஆமா சார்."

முகம் அப்படியே மலர்ந்துச்சாம். தாளைக் கவிழ்த்து மேஜை மேல வெச்சுட்டாரு. "கவர்ல போட்டு ஒட்டிக் கொடுங்க மேடம். வீட்டுக்காரிதான் பிரிப்பேன்னு சொல்லியிருக்கா." பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டாரு. அடையாள அட்டையையும் பென்டிரைவையும் கொடுத்துட்டுப் போகணும்னு மேடம் சொன்னதும், "நிரந்தரம் ஆனா புது அட்டை கொடுப்பாங்கல்ல"ன்னு சொல்லிக்கிட்டே கழுத்துல இருந்து கழட்டிக் கொடுத்துட்டாரு. மேடம் வாயைத் திறக்கலை. ஏன் சொல்லலைன்னு அன்னைக்கு நான் அவங்களைக் கேட்ட கேள்விக்கு, கடையில இருந்த துணியெல்லாம் கிழிஞ்சிருக்கும்.

இவர் நேரா என் கடைக்கே வந்துட்டாரு. மத்தியான நேரம், கவுண்டர்ல ரெண்டு பேர் துணியோட நிக்கிறாங்க, எங்க கடை முதலாளியம்மா உள்ள உக்காந்திருக்காங்க. இவர் கையில கவர், இன்னொரு கையில ஒரு ஸ்வீட் டப்பா. "பிரி, பிரி"ன்னு குதிக்கிறாரு, அம்பது வயசு மனுஷன். நான் கையைத் துடைச்சுக்கிட்டு பிரிச்சேன்.

தங்கள் ஒப்பந்தம் இம்மாத இறுதியுடன் முடிவடைகிறது, மேலும் நீட்டிக்கப்படாது. அது மேல இருந்துச்சு. கீழ காரணம். மருத்துவமனையில் தாங்கள் செய்த பணியைப் பதிவு செய்யாமல் மறைத்த காரணத்தால்.

நான் அந்த வரியிலேயே நின்னுட்டேன். இவர் என் தோள் பக்கம் நின்னுக்கிட்டு, "எழுத்தெல்லாம் சுத்தமா வந்திருக்கா?"ன்னு கேக்கறாரு.

"வந்திருக்கு"ன்னேன்.

"நான்தான் சரி பண்ணினேன். முதல்ல ஒரே கட்டமா இருந்துச்சு. என்ன போட்டிருக்கு, சத்தமாப் படியேன். முதலாளியம்மாவும் கேக்கட்டும்."

தாளை அவர்கிட்டயே நீட்டினேன். அவர் ஒரு காகிதத்தைப் படிக்கிறதை அன்னைக்குத்தான் நான் பார்த்தேன். ரொம்ப நேரம் ஆச்சு. விரலை வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா போனாரு. கையெழுத்து வரைக்கும் போயிட்டு, திரும்ப மேல வந்து இன்னொரு தடவை படிச்சாரு. அப்புறம் மடிச்சு கவர்ல போட்டாரு. துணி கொடுக்க வந்த ரெண்டு பேரும் எங்கயோ பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்கே? உக்காரு, முட்டி வலிக்கும்"னாரு.

எனக்குத் தாங்கலை. அழுக்குத் துணி மூட்டை மேல உக்காந்துக்கிட்டு, கடைன்னும் பார்க்காம கத்தினேன். "திட்டுங்களேன்! என்னைத் திட்டித் தொலைங்களேன்! எழுதாதீங்கன்னு சொன்னது நான்தானே! பேனாவைத் திறந்தீங்களே, மூட வெச்சது நான்தானே!"

"மூடினது என் கைதானேம்மா"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு ரெண்டு அறை விட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். ஸ்வீட் டப்பாவை முதலாளியம்மா மேஜையில வெச்சுட்டு வெளிய போய் நின்னாரு.

கம்பெனி வாசல்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்னு நானும் ஒரு நாள் கிளம்பினேன். கதவைப் பூட்டிட்டு முன்னாடி நின்னுட்டாரு. "போய் என்ன சொல்லுவே? எழுதலைங்கறது நிஜம்தானே"ன்னாரு. நிஜத்தைச் சொல்லித்தான் தூக்கிப் போட்டிருக்காங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பொய் சொல்லித் தூக்கியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். பன்னெண்டு வருஷம் சாறு பிழிஞ்சுட்டு, கறிவேப்பிலையைத் தூக்கிப் போடற மாதிரி போட்டாங்க, போடறதுக்கு ஒரு காரணத்தையும் நானே கையில எடுத்துக் கொடுத்திருக்கேன். இப்ப என் முட்டி வலிச்சா, நான் யார்கிட்டயும் சொல்றதில்லை.

போன வாரம் காலையில போன் அடிச்சுச்சு. லெட்டர் மேடம். "கட்டம் சார் இருக்காருங்களா? ஆஸ்பத்திரியில ரெண்டு புது மிஷின், திரும்பவும் கட்டமா வருது. மருந்து கவுண்டர் நிக்குது..."

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "கட்டம் வந்தா எடுத்து உங்க மருமகன் தலையில வெச்சுக்கோங்க! இன்னும் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு..." சொல்லி முடிக்கலை, இவர் என் கையில இருந்து போனை வாங்கிட்டாரு.

"சொல்லுங்க மேடம். மருந்து கவுண்டரா? சரி. பென்டிரைவ் உங்ககிட்டதான் இருக்கு, இழுப்பறையில பாருங்க, ஷூ லேஸ் கட்டியிருக்கும். அதை எடுத்துக்கிட்டு ஒரு ஆளை அங்க அனுப்புங்க, போனதும் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

அரை மணி நேரத்துல அங்கிருந்து யாரோ கூப்பிட்டாங்க. எதைத் திறக்கணும், எங்க அழுத்தணும், எதை மூடித் திறக்கணும்னு ஒவ்வொண்ணா, கோபமே இல்லாம சொல்லிக் கொடுத்தாரு. அந்தப் பக்கம், "சார், வந்துடுச்சு போல இருக்கு. எதை அடிச்சுப் பார்க்க?"ன்னு கேட்டது எனக்கே கேட்டுச்சு. இவர் என்னைப் பார்த்தாரு. பார்த்துட்டு, கொடியையும் துணியையும் மழையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. சரியா வந்திருக்காம்.

போனை வெச்சுட்டு அலமாரிக்குப் போனாரு. பழைய பைக்குள்ள இருந்து ஒரு வெத்து விசிட் ஷீட்டை எடுத்துக்கிட்டு வந்து மேஜையில உக்காந்தாரு. தேதி போட்டாரு. ஆஸ்பத்திரி பேரு, ரெண்டு மிஷின். கோளாறுங்கற இடத்துல, கட்டம். காரணம்ங்கற இடத்துல, செட்டப்பில் ஃபான்ட் சேர்க்கப்படவில்லை. செய்த வேலைங்கற இடத்துல, போனில் சொல்லிக் கொடுத்தது. கீழ கையெழுத்தைப் போட்டு, ஒரு ஃபைல்ல சொருகினாரு. அந்த ஃபைல்ல ஏற்கனவே மூணு ஷீட் இருந்துச்சு. நான் கடைக்குப் போயிருந்தப்ப வந்த போன் எல்லாம் போல.

"இனிமே ஒண்ணைக்கூட எழுதாம விடறதில்லைம்மா"ன்னாரு.

இதையெல்லாம் யார்கிட்ட கொண்டு போய்க் கொடுக்கப் போறீங்கன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவருக்கு எழுதாதீங்கன்னு சொன்ன வாய் இது. நான் கேக்கலை.